முப்பது நாள் தவணை

நோர்வூட் சந்தி, பேக்கரிக்கு மேல்மாடி.
போட்டோ கொப்பி, லெமினேட்டிங், படிவம் நிரப்புதல்,
மின்னஞ்சல் முகவரி திறந்து தரப்படும்: நூறு ரூபாய்.
இலவசமாகக் கிடைப்பதற்கு ஏன் நூறு என்று
கேட்காத ஆளில்லை.
உங்கள் கடவுச்சொல்லை நான் ஞாபகம் வைத்திருப்பதற்கு, என்பேன்.
சீ.ஆர். கொப்பியில் இருநூற்றுப் பதினாறு பேர் இருக்கிறார்கள்.

எந்தக் கம்பனி நல்லதுக்கா?
இதற்காகவே போன ஆடி மழையில் ஒரு சோதனை வைத்தேன்.
மூன்று இலவசப் பெட்டிகள், மூன்றிலும் என் பெயர்.
சவர்க்காரக் கூப்பன், சாத்திரம் பார்க்கும் தளம்,
கட்டாருக்கு ஆள் எடுக்கும் ஏஜென்சி,
கண்ட கண்ட இடத்திலெல்லாம் மூன்றையும் எழுதிக் கொடுத்துவிட்டு
மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலாவது, கதவில்லாத வீடு.
செத்துப்போன ஏதோ கோடீஸ்வரனின் பெண்சாதி
தினம் விடியக்காலையில் வந்து அழுதாள்.
தொண்ணூறு லட்சம் டொலரை
என் பேரில் எழுதிவைக்க அவளுக்கு அப்படியோர் அவசரம்.
நான் கரண்ட் பில்லைத் தவணையில் கட்டுவது
அவளுக்குத் தெரியாது.

இரண்டாவது எல்லோரையும் சந்தேகித்தது.
மடுவத்தில் கொழுந்து நிறுக்கும் ஐயா
ஈரத்துக்கு இரண்டு கிலோ, முத்தலுக்கு ஒரு கிலோ என்று
கூடைக்குள் பார்க்காமலே கழிப்பாரே, அது மாதிரி.
தம்பி டோஹாவிலிருந்து அனுப்பிய
பிள்ளையின் பிறந்தநாள் படத்தையும் கழித்துவிட்டது.

மூன்றாவது கெட்டிக்காரன்.
கடிதம் வேறு, விளம்பரம் வேறு என்று அடுக்கினான்,
கோடீஸ்வரன் பெண்சாதியை வாசலோடு அனுப்பினான்.
ஆனால் வாசிக்காமல் எப்படிப் பிரிப்பான்?
இடுப்பு வலி என்று தம்பிக்கு மட்டுந்தான் எழுதியிருந்தேன்.
மறுநாள் போனில் மெத்தை விளம்பரம்.
தற்செயலாகவும் இருக்கலாம்.

அவனையே எல்லோருக்கும் திறந்து கொடுத்தேன்,
திலகேஸ்வரிக்கும்.

அவளுடைய பழைய விலாசம்:
கீழ்ப்பிரிவு, பத்தாம் நம்பர் லயம்,
மே/பா தோட்ட அதிகாரி.
கடிதம் வந்தால் ஆபீஸ் லாச்சியில் தூங்கும்.
கிளாக்கர் ஐயாவுக்கு ஞாபகம் வந்து
யாராவது அந்தப் பக்கம் போனால் லயத்துக்கு வரும்.
அண்ணனுடைய நியமனக் கடிதம்
பொங்கலுக்கு வரவேண்டியது, சித்திரையில் வந்தது.
அதனால்தான் புது முகவரியை
எழுதி நீட்டியபோது இரண்டு தரம் வாசித்தாள்.
"நடுவுல யாருமே இல்லியா?"
இல்லை என்றேன். தைரியமாகவே சொன்னேன்.

தாதியர் பயிற்சிக்கு நேர்முகம். கடிதம் வரத்தான் செய்தது.
தலைப்பு முழுக்கக் கொட்டை எழுத்து,
மூன்று ஆச்சரியக்குறி, பெயரில்லாத நான்கு இணைப்பு.
அரசாங்கக் கந்தோர்க் கடிதம்
அச்சு அசலாய்த் திருடனைப் போல உடுத்தி வந்திருந்தது.
கெட்டிக்காரன் தூக்கிக் குப்பையில் போட்டான்.
முப்பது நாள் வைத்திருப்பான், பிறகு அழிப்பான்.
நாங்கள் கிளறியது இருபத்தொன்பதாம் நாள்.

குப்பையில் கிடந்தாலும் குண்டுமணி மங்காது என்பார்கள்.
திகதி மங்கும்.
நேர்முகம், முந்தின செவ்வாய்க்கிழமை.

"ஆபீஸ்னா போயி சத்தம் போடலாம்க்கா.
இங்க யாருகிட்ட போடுறது?"
என்னிடம் போட்டிருக்கலாம்.
போடாமல், ஈரக் குடையை மடக்கி மடக்கி விரித்தாள்.

'இது குப்பை அல்ல' என்றொரு பொத்தான் இருக்கிறது.
அவளையே அழுத்தச் சொன்னேன்.
கடிதம் எழுந்து போய் முன்வரிசையில் உட்கார்ந்தது,
ஒன்றுமே நடக்காத மாதிரி.

விலைப்பட்டியலில் கடைசியாக ஒரு வரி சேர்த்திருக்கிறேன்:
வாராவாரம் குப்பை கிளறித் தரப்படும், காசில்லை.
அவளும் நானும் பதில் எழுதினோம்,
தாமதத்துக்கு மன்னிக்கவும், வேறொரு நாள் தர முடியுமா என்று.
கொட்டை எழுத்து இல்லை, ஆச்சரியக்குறி இல்லை,
நல்ல பிள்ளை போல் உடுத்தி அனுப்பினோம்.
இன்றைக்குப் பதினோராம் நாள்.
அங்கே அது எந்தப் பெட்டியில் விழுந்ததோ.