ஏசித் தண்ணீர்

ஒரு கணு, இரண்டு இலை.
கொச்சியிலிருந்து ஈரப் பஞ்சு சுற்றி
கூரியரில் வந்தது.
இரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய்.
வீட்டில் நூற்றைம்பது என்றேன்.

நகைக்கடன் பிரிவில் இருக்கிறேன்.
அன்று மதியம் ஆளில்லாத நேரத்தில்
கிராமுக்கு என்ன விழுகிறதென்று
மனசுக்குள் போட்டுப் பார்த்தேன்.
தங்கத்தைத் தாண்டவில்லை,
அந்த மட்டும் நிம்மதி.

வெள்ளையடிக்கிறவர் மட்டையை
உதறிவிட்டுப் போனதுபோல்
பச்சை மேல் வெள்ளை.
வந்து பார்த்தவர்கள் எல்லோரும்
"மணிபிளாண்ட் தானே" என்றார்கள்.
அதற்குத் தூரத்துச் சொந்தம் என்பேன்,
பங்காளி இல்லை,
சம்பந்தி வழி.

தேவகோட்டையில் நாங்கள் குடியிருப்பது
பெரிய வீடொன்றின் மாடியில், இரண்டு அறை.
சன்னலுக்கு மேல் அரைவட்டமாய்க் கலர் கண்ணாடி.
எட்டரைக்குச் சிவப்பு கட்டிலில் விழும்,
ஒன்பதுக்கு நீலம் பீரோவில்,
அதற்கப்புறம் அறை முழுக்கப் பச்சை.
பச்சை வெளிச்சம் செடிக்கு அவ்வளவாக உதவாதாம்.
தொட்டியை நகர்த்தி நகர்த்தி
கடைசியில், கண்ணாடி உடைந்து
அட்டை வைத்து அடைத்திருந்த கட்டத்துக்கு வந்தேன்.
அட்டையைப் பிரித்து
இவருடைய பழைய வேட்டியில் ஒரு துண்டு ஒட்டினேன்.
அந்த ஒரு கட்டத்தில்தான்
வெயில் வெயிலின் நிறத்தில் வரும்.

தண்ணீர்தான் சங்கடம்.
போர்த் தண்ணீர் வாளி விளிம்பில்
வெள்ளை வளையம் கட்டும்,
இலை நுனியைக் கருக்கும்.
கீழே முகப்பில் ஏடிஎம்,
இரவு பகலாய் ஏசி ஓடும்.
அது சொட்டுவதை பெயிண்ட் வாளியில்
பிடித்து வைப்பார் வாட்ச்மேன் சேவுகன்.
"குடிச்சுப் பாத்தேம்மா,
ஒரு ருசியும் இல்ல.
ஒங்க செடிக்கு இதுதான் பிடிக்குதா?"

மார்ச்சில், கணக்கு முடிக்கிற வாரம்,
கொடி பீரோக் கைப்பிடிக்கு இறங்கியது.
வரிசையாய் மூன்று இலை
சுத்த வெள்ளை.
மாடிப்படியில் செருப்பு நிறைய
சனம் வந்து பார்த்தது.
கொச்சிக்காரர் போனில் சொன்னார்:
வெள்ளை சமைக்காது, சாப்பிட மட்டும் செய்யும்,
பச்சை இருக்கிற கணு வரைக்கும் வெட்டிடுங்க.
அடுத்த அறையில்
கொழுந்தன் தூங்கிக்கொண்டிருந்தான், மணி பதினொன்று.
நான் வெட்டவில்லை.

அதே கொடியில் இன்னொரு கணுவிலிருந்து
ஒரு கிளை பச்சையாகவே வந்தது,
பெயருக்குக்கூட வெள்ளைப் புள்ளி இல்லாமல்.
அதையும் வெட்டச் சொன்னார்.
விட்டால் தொட்டியையே எடுத்துக்கொள்ளுமாம்,
விலையும் போகாதாம்.
அதை வெட்டினேன்.
குப்பையில் போட மனசில்லாமல்
சேவுகனிடம் கொடுத்தேன்.
தண்ணீர் பாட்டிலைப் பாதியாய் அறுத்து
ஏடிஎம்மின் மூலையில்,
இரவிலும் அணையாத ட்யூப்லைட்டுக்குக் கீழே,
அந்த ருசியில்லாத தண்ணீரிலேயே வைத்தார்.

வைகாசியில் வெள்ளை இலைகள் ஓரம் பழுத்தன.
ஒன்று உதிர்ந்தது.
ஆபீஸுக்கு எடுத்துப்போய்த்
தராசில் வைத்தேன்.
எழுநூற்று நாற்பது மில்லி.
பக்கத்து மேசைப் பழனியப்பன் எட்டிப் பார்த்து
"கல்லு கழிச்சா?" என்றார்.

கீழே பச்சை
கேமராக் கண்ணை எட்டிவிட்டது.
பேங்க்கிலிருந்து ஆள் வந்து சத்தம் போட்டார்.
சேவுகன் சணல் கட்டித் திருப்பிவிட்டார்;
இப்போது அது போவது
'உங்கள் ரகசிய எண்ணை
யாரிடமும் சொல்லாதீர்கள்' பலகைக்கு மேல்.

நேற்று இவர் பணம் எடுக்கப் போனவர்
திரும்பி வந்து கேட்டார்:
"கீழ இருக்கறது எவ்வளவு?"
சும்மா கொடுத்தது, என்றேன்.
"அதுதான் நல்லாருக்கு."
ஆமாம், என்றேன்.
தொட்டியையும் என்னையும்
கொஞ்ச நேரம் பார்த்தார்.
இன்னும் ஏதோ கேட்பதற்குள்
கீழேயிருந்து சேவுகன் குரல்,
வாளி நிரம்பிவிட்டதாம்.