இரண்டாவது வாளி

மார்கழி இருபத்தொண்ணு. அம்பாசமுத்திரம்.
மலையிலிருந்து இறங்கிய கூதல்
அரிசி ஆலைப் பூட்டில் உட்கார்ந்திருக்கிறது.
சாவியைத் திருப்ப விரல் ஒத்துக்கொள்ளவில்லை.

வெளியே நிறுத்திக் கழுவினால்
பனி நனைக்கும் ஒரு பக்கம்,
அரவை தொடங்கியதும் உமித்தூள் ஒட்டும் மறு பக்கம்.
அதனால் குடோனுக்குள்
மூட்டைகளின் மூன்றாம் வரிசைக்குப் பின்னால்
நான்கு பக்கமும் தார்ப்பாய் கட்டி
அம்மை போட்ட பிள்ளையைக் கிடத்தியதுபோல்
ஒரு கறுப்புக் காரை நிறுத்தியிருக்கிறேன்.

வெள்ளைக் கார் பொறுத்துக்கொள்ளும்.
கறுப்பு, கோள் சொல்லும்.

உமி பார்க்க மெத்தென்றிருக்கும். நம்பக்கூடாது.
உலர்ந்த துணியால் ஒரே இழுப்பு,
சிலந்தி வலை பின்னிவிடும் பெயின்டில்.
ஆகவே முதலில் தொடுவதே இல்லை.
பாய்லர் பக்கமிருந்து ஒரு குடம் வெந்நீர்,
ஆற்றிலிருந்து மூன்று குடம் பச்சைத் தண்ணீர்
(போர் தண்ணீர் உப்பு, வெள்ளை வெள்ளையாய்ப் பூத்துப்போகும்),
முழங்கை வைத்துப் பார்த்து
பிள்ளைக்கு ஊற்றும் சூடு வந்ததும்
கூரையிலிருந்து பைய, பைய.
தூசி ஊறட்டும். தானாக இறங்கட்டும்.

ஒரு வாளியில் ஷாம்பு.
ஒரு வாளியில் வெறும் தண்ணீர்.
காரைத் தொட்ட துணி
இரண்டாவது வாளியில் அலசாமல்
முதல் வாளிக்குத் திரும்பாது.
தரையில் விழுந்த துணி செத்த துணி.
மூட்டை தூக்கும் பையன்கள் சிரிக்கிறார்கள்:
“சேர்மக்கனியக்கா காருக்கும் எச்சி பாக்காவ.”

டிக்கிக்கு வந்தபோதுதான் பார்த்தேன்.
தண்ணீர் படாத தூசியின் மேல்
விரலால் எழுதிய ஒரே சொல்:
விக்காதீங்க.
சின்னப்பிள்ளைக் கை இல்லை.
இரண்டு மெய்க்கும் புள்ளி வைத்திருந்தது.

கொஞ்ச நேரம் குடத்தைப் பிடித்தபடி நின்றேன்.
கழுவத்தானே கூலி.
ஊற்றினேன். ஓடிற்று.

பூந்துணியை அழுத்தாமல் விரித்து, தூக்கி,
விரித்து, தூக்கி, ஈரம் எடுத்தபின்
டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால்
சொல் அங்கேயே இருக்கிறது.
விரலுக்கும் பெயின்டுக்கும் நடுவே
உமி இருந்திருக்கிறது.
தூசியில் எழுதியது தூசியோடு போகுமென்று
நினைத்திருப்பார்கள், பாவம்.

ஏழரைக்கு மகாராஜபிள்ளை வந்தார்.
கழுத்தில் மஃப்ளர், கையில் டீ.
ஒன்பதுக்குச் சங்கரன்கோவில் பார்ட்டி வருகிறதாம்.
செல்போன் வெளிச்சத்தை நேராக அடித்தார்.
“என்னது, கோடு கோடா? தேச்சுட்டியோ?
கூலியில பிடிச்சிருவேன், கேட்டியா.”

பதினோரு வருஷம்.
ஒரு காரில் ஒரு கோடு போட்டதில்லை நான்.
நாக்கில் வந்ததை மென்று விழுங்கிவிட்டு
“இங்கன வந்து நில்லுங்க.
போனைச் சரிச்சுப் பிடிங்க.
குனிஞ்சு பாருங்க” என்றேன்.

குனிந்தார். பெரிய வயிறு, நேரமானது.
டீ ஆவி குளிர்ந்த தகட்டில் படிந்து
எழுத்து மட்டும் பளிச்சென்று எழும்பி
பிறகு அடங்கிற்று.

யாரென்று நான் கேட்கவில்லை.
அவர் சொல்லவும் இல்லை.
ஒரு வீட்டில் புள்ளி தவறாமல் எழுதுகிறவர்கள்
எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்.

“இது போகுமா?”

“போகும். பாலிஷ் வச்சுத் தேய்க்கணும்.
எழுத்து போற ஆழத்துக்கு
சுத்தியுள்ள பெயின்டும் மெலியும்.”

“எவ்வளவு மெலியும்?”

அரவை தொடங்கிவிட்டது. தார்ப்பாய் அதிர்ந்தது.
கைக்கு ஏதாவது வேலை வேண்டுமென்று
இரண்டாவது வாளியைச் சாய்த்துக் கொட்டினேன்.
அடியில் ஒரு கரண்டி மணல்,
கறுப்பாய், நுணுக்கமாய்.

அதையே பார்த்துக்கொண்டு நின்றார்
டீயைக் குடிக்காமல்.