சனிக்கிழமைச் சவரம்

மீன்காரி வந்து கூவுவதற்குள் முடித்துவிட வேண்டும்.
வெந்நீர், சோப்பு, புது பிளேடு,
அவன் அப்பாவின் ரேசர்.
தலையணையை மடித்துக் கழுத்தடியில் திணித்து
"மக்ளே, ஆடாத இரி" என்பேன்.
ஆடாமல் இருப்பது அவன் கையில் இல்லை.
இப்போதெல்லாம் என் கையிலும் இல்லை.

பெனிலுக்கு முப்பத்து நாலு.
பேச்சு வரவில்லை, நடை வரவில்லை,
மீசை மட்டும் தவணை தவறாமல் வந்தது.
முதல் பூனைமயிர் கண்ட அன்று
அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.
அவர் தன் ரேசரைக் கழுவி
அம்மியின் மேல் வைத்துவிட்டு
பால் எடுக்க விளைக்குப் போனார்.
அதற்குப் பிறகு அவர் தாடி வளர்த்தார்,
போகும் வரைக்கும்.

மழை விட்ட நாட்களில் கொடியில்
ரப்பர் ஷீட்டும் இவன் விரிப்பும்
பக்கத்தில் பக்கத்தில் காயும்.
எங்கள் மரத்துப் பால்தான் எங்கெங்கோ போய்
ஆஸ்பத்திரி விரிப்பாகித் திரும்பி வந்து
இவனுக்கு அடியில் கிடக்கிறது
என்று நினைத்துக்கொள்வேன்.
யாரிடமும் சொன்னதில்லை.
சொன்னால் ஷைனி சிரிப்பாள்.

ஷைனி மஸ்கட்டில்
பிறர் வீட்டு அம்மாக்களைப் புரட்டிப் படுக்க வைக்கிறாள்.
போனில் எனக்கும் சொல்லித் தருகிறாள்:
"முதுகை வளைக்காதீங்க, முட்டை மடக்குங்க."
முட்டை மடக்கினால்
மரச்சீனி ஒடிக்கிற சத்தம் கேட்கிறது.
"நல்ல ஹோம் ஒண்ணு இருக்கும்மா, சிஸ்டர்மார் பார்ப்பாங்க."
உடனே எனக்கு சிக்னல் போய்விடும்.
வீட்டுக்குப் பின்னால்தான் டவர் நிற்கிறது.

வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபத்தில்
ஒருத்திக்கு விசா, ஒருத்திக்கு சுகர்,
ஒருத்தியின் மருமகளுக்குக் குழந்தை.
என் முறை வரும்போது சுகம், சமாதானம் என்பேன்.
கேட்க வேண்டியது வேறு.
எனக்கு ஒருநாள் முந்தி இவன்.
ஒரே ஒரு நாள்.
குளித்து, முழுகி, இவனை அனுப்பிவிட்டு
அன்று ராத்திரி நான்.
பெற்ற வயிறு இதைக் கேட்குமா?
கேட்கிறது.
களியலில் இருந்து வரும் குளோறிபாயின் மகளும்
இவனைப் போலத்தான்.
ஒருநாள் செருப்பு மாட்டும்போது என்னைப் பார்த்தாள்,
நானும் பார்த்தேன்.
தெரிந்துவிட்டது.
பிறகு இரண்டு பேரும் ஷீட்டு விலையைப் பற்றிப் பேசினோம்.

டாக்டர் அன்றைக்குச் சொன்ன கணக்கு பன்னிரண்டு.
தாண்டினால் கர்த்தர் கிருபை என்றார்.
பன்னிரண்டு வந்தது, கேக் வெட்டினோம்,
கேக்கைப் பிசைந்து ஊட்டினேன்.
அதற்குப் பிறகு வந்த வருடங்களை நான் எண்ணவில்லை.
எண்ணினால் யாராவது கேட்டுவிடுவார்களோ என்று.

இன்று இடது தாடையில், சோப்பு நுரைக்குள்
ஒரு வெள்ளை.
நுரைதான் என்று துடைத்தேன்.
கண்ணாடியை ஏற்றிவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினேன்.
நரை.
குட்டையாய், விறைப்பாய்,
அவன் அப்பாவுக்கு வந்த அதே இடத்தில்.

எனக்கு மட்டும்தான் வயசாகிறது என்றல்லவா இருந்தேன்!
முடி கொட்டுவதும், பல் ஆடுவதும்,
படி ஏறி நின்று மூச்சு வாங்குவதும்
என் ஒருத்தியின் வரவு செலவு,
இவன் தொட்டிலில்தான் கிடக்கிறான் என்று.
இவனும் சத்தம் காட்டாமல்
என் கூடவே நடந்து வந்திருக்கிறான்.

"எடேய் கிழவா" என்றேன்.
சிரித்தான்.
அவன் சிரிப்பு தொண்டையில் தொடங்கி
வலது காலில் போய் முடியும்.
கிண்ணம் கவிழ்ந்தது.
வெந்நீர் எல்லாம் என் மடியில்.

மிச்சத்தை மழித்தேன்.
அந்த ஒன்றைச் சுற்றி பிளேடு பைய ஒதுங்கிப் போனது.
வெளியே "சாளே… நெத்தோலியே…"
"நில்லு பிள்ளே, வாறேன்."

நாளைக்கு ஆராதனை முடிந்து பார்க்க வருகிறவர்கள்
தாடையைத் தடவிச் சொல்வார்கள்:
ஒண்ணு விட்டுப்போச்சே,
உனக்கு இப்போ கண்ணு பத்தல்லியா?
சொல்லட்டும்.