ஒன்றேகால் அங்குலம்

இடுப்பு முப்பத்தாறு. கால் நீளம் இருபத்தொன்பது.
இந்த இரண்டு எண்களும் ஒரே லோங்ஸில்
சந்தித்ததே இல்லை இந்த நகரத்தில்.

கொள்ளுப்பிட்டியில், குளிரூட்டிய கடையொன்றில்
கண்ணாடி மூன்று பக்கமும் என்னைக் காட்டியது.
மூன்று பேருக்கும் தொடை பிதுங்கியது.
"இதுதான் சேர் இப்ப போகுது, நல்லா இழுபடும்"
துணியை ரப்பர்போல் இழுத்துக் காட்டினான் பெடியன்.
இழுபடாதது வேணும் தம்பி, என்றேன்.
தடித்த பருத்தி. ஈரமணல் நிறம்.
தொப்புளுக்குக் கிட்ட வந்து நிற்கிற இடுப்பு.
தொடையில் கொஞ்சம் காற்று.
கீழே ஒன்றே முக்கால் அங்குல மடிப்பு.
செத்துப்போன யாருக்கோ
உடுப்பு வாங்க வந்தவனைப் பார்ப்பதுபோல்
பார்த்தான் அவன்.

எல்லாம் ஒரு கலண்டரால் வந்தது.
கந்தோர் அலுமாரிக்குப் பின்னால் விழுந்து கிடந்தது,
ஏதோ கப்பல் கம்பனி கொடுத்தது, ஆண்டு கிழிந்துவிட்டது.
ஜூன் மாதத்தில் நான்கு அமெரிக்கக் கல்லூரிப் பெடியன்கள்
புல்தரையில், கணுக்கால் தெரிய,
சோதனை முடிந்ததா தொடங்கவில்லையா
என்று சொல்லமுடியாத ஒரு நிற்பு.
பின்சுவர் முழுக்க ஐவிக் கொடி.
அந்தக் கல்லூரி எனக்கு வேண்டாம்.
கொடியும் வேண்டாம்,
கொழும்பு ஈரத்தில் சுவரேறுவது பூஞ்சணம்தான்.
அந்தக் காற்சட்டை மட்டும்.

வெள்ளவத்தையில் சிவபாதத்திடம் துணி கொடுத்தேன்.
முன்னால் ப்ளீட் வேண்டாம் என்று மூன்றுதரம் சொன்னேன்.
நான்கு வைத்துத் தந்தார்.
"உங்கட வயிற்றுக்கு இதுதான் மரியாதை."

பிறகு ஒரு சனிக்கிழமை, புறக்கோட்டையில்,
மழை விட்டும் விடாத நேரம்.
நடைபாதையில் நீலத் தறப்பாள், அதன்மேல் குவியல்.
ஏற்றுமதிக்குப் போகாத உடுப்புகள்,
லேபல்களை நடுவால் வெட்டியிருந்தார்கள்.
"தெதாஹாய், தெதாஹாய்" என்று கத்திக்கொண்டே
ரிஃப்கான் ஒன்றை உருவி என் தோளில் போட்டார்.
பாரம் தெரிந்தது. ஈரமணல் நிறம்.
லொறிக்குப் பின்னால் அவர் சாரம் ஒன்றை விரித்துப் பிடிக்க
அதற்குள் நின்று மாற்றினேன்.
பார்க்க அகப்பட்டது மோட்டார் சைக்கிள் கண்ணாடி ஒன்றுதான்.
இடுப்பு மட்டும் தெரிந்தது.
போதும்.

வீட்டில் பல்புக்குக் கீழே உட்புறம் திருப்பினேன்.
நல்ல துணியை ஒருவரும் சும்மா கழிப்பதில்லை.
குறை எங்கே?
சிப் ஓடியது. பெல்ட் வளையம் ஏழும் நேர்.
பொக்கற்றுக்குள் ஐந்து விரலையும் விட்டுத் துழாவினேன்,
ஓட்டை இல்லை.
பின்தையலில் எதையோ ஒட்டியிருந்த பசை மட்டும்,
நகத்தில் ஒட்டிக்கொண்டது.

திங்கட்கிழமை சந்திரமலரிடம் கொண்டுபோனேன்.
எங்கள் கணக்குப் பிரிவுக்கு வருமுன்
ஆறு வருடம் கட்டுநாயக்காவில் தரம் பார்த்தவள்.
லாச்சிக்குள்ளிருந்து டேப் எடுத்தாள்,
இன்னும் வைத்திருக்கிறாள்.
தொடைச்சந்தியில் ஒரு விரல், இடுப்பில் ஒரு விரல்.
"முன் ரைஸ் கூடிப்போச்சு சார். ஒன்னேகால் இஞ்சி.
ஒரு லைன் முழுக்க இப்படிப் போயிருக்கும்."
டேப்பைச் சுருட்டினாள்.
"யாரோ ஒருத்தி அன்னைக்கு நல்லா ஏச்சு வாங்கியிருப்பா.
வரவுக் காசும் வெட்டியிருப்பாங்க."
பிறகு தன் கோப்புக்குத் திரும்பிவிட்டாள்.

பெண்ணே, உன் பெயர் தெரியாது.
கலண்டரில் நான் தேடியது
அந்த ஒன்றேகால் அங்குலத்தைத்தான்.
அது உன் சம்பளத்திலிருந்து வந்திருக்கிறது.
இரண்டாயிரம் கொடுத்தேன், அதுவும் உனக்கில்லை.
இதை எந்தக் கணக்கில் எழுதுவது
என்று எனக்குத் தெரியவில்லை, கணக்காளன்தான் நான்.

நூறாம் இலக்க பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி வந்தேன்.
இருக்கை இருந்தது. நின்றேன்.

கால் நீளம் முப்பத்து மூன்று, சொல்ல மறந்துவிட்டேன்.
வெட்டி மடித்துத் தைக்கச் சிவபாதத்திடம்தான் போகவேண்டும்.
ப்ளீட் வைக்கவேண்டாம் என்று
இந்தமுறை எழுதிக் கொடுக்கப்போகிறேன்.