பெஞ்சுக்கு அடியில் வேண்டாம்

முதல் ஜியோகேச்சை நான் ஒளித்தது
மூன்றாம் எண் டிராம் திரும்பும் கடைசி நிறுத்தத்தில்,
பெஞ்சின் இரும்புக் காலுக்குள், காந்தம் ஒட்டி.
கறுப்பு டேப் சுற்றியிருந்தேன், மழைக்காக.
மழைக்காக மட்டும்தான்.

பதினோராம் நாள்
எவனோ குனிந்து துழாவிவிட்டுப் போனதை
எவளோ பார்த்திருக்கிறாள்.
டௌகாவ்பில்ஸ் ஊரில் ஐந்து டிராம்கள் நின்றன.
பனியில் ரோபோ ஒன்று ஊர்ந்து வந்து
என் டப்பாவை வெடிக்க வைத்தது.
உள்ளே பென்சில் துண்டு,
பத்தொன்பது பெயர்கள் எழுதிய காகிதச் சுருள்,
ஒரு பிளாஸ்டிக் தவளை.

ஓட்டுநர் இல்க்வார்ஸ் திட்டவில்லை,
அதுதான் சுட்டது.
"என் வண்டியில் ஒரு பெண்
நாற்பது நிமிடம் மடியில் கேக்கோடு இருந்தாள்.
ஹீட்டர் சூட்டில் கிரீம் இளகி
கையுறைக்குள் வழிந்தது.
யாருக்குப் பிறந்தநாள் என்று நான் கேட்கவில்லை."

இப்போது
கேமராவின் கண்ணெதிரே யாரையும் குனிய வைப்பதில்லை.
தண்டவாளத்தைத் தாண்ட வைப்பதில்லை,
ஓரடிதான் என்றாலும்.
டப்பா, உள்ளே இருப்பது தெரிகிற டப்பா.
மேலே பெரிதாக: இது விளையாட்டு, என் எண் இது.
அப்புறம், கேட்டுவிட்டுத்தான் வைப்பது.

கேட்டேன். வெனெராண்டா
தன் தோட்டத்து வேலியோரம் ஆப்பிள் மரத்தைக் காட்டினாள்.
நிறுத்தத்திலிருந்து இருநூற்றுப் பத்து தப்படி.
"நாய் குரைக்கும். அதையும் எழுதிவிடு."

போன வாரம் சுருளைப் பிரித்தேன்.
நான்காவது பெயர் இல்க்வார்ஸ்.
பக்கத்தில், ஓடிவந்த கையெழுத்தில்:
வண்டி கிளம்ப ஆறு நிமிடம்.
நாய் குரைத்தது.
தவளை எங்கே?