மற்றவை

மேம்பாலத்தில் போகிறவர்களை எண்ண வேண்டாம் என்றார்கள்.
அவர்கள் மார்த்தாண்டத்துக்கு வரவில்லை,
மார்த்தாண்டத்தைக் கடக்கிறார்கள்.

எனக்குத் தந்தது ஒரு பிளாஸ்டிக் நாற்காலி,
கட்டைவிரலால் அழுத்தினால் எண் கூடும் சின்ன இரும்புக் கருவி,
ஐந்து கட்டம் போட்ட தாள்:
பொருள் வாங்க. வங்கி. மருத்துவமனை. பஸ் ஏற.
கடைசியில், மிச்சம் கிடந்த இடத்தில், மற்றவை.
கடைவீதிக்கு உயிர் கொடுக்கும் திட்டமாம்.
இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும் அல்லவா,
நாடி பிடிக்க என்னை உட்கார்த்தினார்கள்.
சிவில் படித்தவள். நாளொன்றுக்கு நானூற்றைம்பது.

பாலத்துக்கு அடியில் பகல் பதினொரு மணிக்கே
சாயங்காலம் மாதிரி.
மழை நின்று ஒரு மணிநேரம் கழிந்தும்
தூண் ஓரத்தில் சொட்டிக்கொண்டிருக்கும்.
எதிர்வரிசையில் பதினேழு ஷட்டர், ஆறு திறப்பதில்லை.
ஒன்றில் 'வாடகைக்கு' என்று எழுதிய போன் நம்பரில்
இரண்டு இலக்கம் உதிர்ந்திருந்தது.
கூப்பிட நினைப்பவன் ஊகித்துக்கொள்ள வேண்டும்.

எண்ணுவது எளிதென்று நினைத்தேன்.
கைக்குழந்தையோடு ஒருத்தி: ஒன்றா, இரண்டா?
ரப்பர் ஷீட் விற்ற காசோடு வந்தவர்
மூன்று தடவை கடந்தார், மூன்று தடவையும் அழுத்தினேன்,
நாலாவது தடவை என்னிடமே வந்து நின்றார்.
"பிள்ளே, இங்க ஒரு செருப்புக்கடை இருந்துதே?"

காரணம் கேட்க வேண்டும். கேட்டேன்.
"பேங்குக்கு." "டாக்டரப் பாக்க."
"குலசேகரம் பஸ்ஸு இங்கதான நிக்கும்?"
கிளாடிஸ் என்றொருத்தி குடையை மடக்கியபடி
வெகுநேரம் யோசித்தாள்.
"ஒண்ணுமில்லக்கா. சும்மா."
மற்றவையில் ஒரு கோடு.

சும்மா வந்தவர்கள் எல்லாரும் ஒரே இடத்துக்கு வந்தார்கள்.
ரெசலம் ஜவுளிக்கடையை மூடி இரண்டு வருடம்;
படியை மட்டும் மூடவில்லை.
பக்கத்து வங்கி, தன் படியில் யாரும் உட்காராதபடி
இரும்பு முள் பதித்திருந்தது.
இவர் காலையில் வந்து ஒரு கிழிந்த வேட்டித்துண்டால்
மூன்று படியையும் துடைத்துவிட்டுப் போவார்.
டியூஷன் விட்ட நாலு பிள்ளைகள் அங்கே உட்கார,
பிள்ளைகளைப் பார்த்து மாகீன் வண்டியை நகர்த்தி வர,
பழம்பொரி மணத்துக்கு ஆட்டோக்காரர்கள் இறங்க,
இருட்டில் சில்லறை தெரியவில்லை என்று
போன் கவர் விற்கிற பையன் தன் பல்பை
ஒரு முழம் வெளியே இழுத்துக் கட்டினான்.
அந்த ஒரு முழ வெளிச்சத்தில்
வெள்ளிக்கிழமை மட்டும் நூற்றுப்பன்னிரண்டு கோடு.

ஆபீஸ் சுவரில் வரப்போகும் கடைவீதியின் படம்:
கிரானைட் நடைபாதை, தொட்டியில் பனை,
நிழல் விழாத மனிதர்கள் நடந்துகொண்டே இருந்தார்கள்,
ஒருவரும் உட்காரவில்லை.
சார் என் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"மற்றவை இவ்வளவு வரக் கூடாது, விஜிலா.
காரணம் இல்லாம ஆள் வருவானா?
மத்த நாலுல பிரிச்சுப் போடு."

பிரித்தேன்.
கிளாடிஸை வங்கிக்கு அனுப்பினேன்.
டியூஷன் பிள்ளைகளை பஸ் ஏற்றிவிட்டேன்.
திடகாத்திரமான ஆட்டோக்காரர் ஏழு பேரை
ஆஸ்பத்திரியில் சேர்த்தேன்.
கூட்டுத்தொகை சரியாக வந்தது.

வேலை முடிந்த எட்டாம் நாள்,
குழித்துறையிலிருந்து வீட்டுக்குப் போகிற பஸ்.
என் ஸ்டாப் இன்னும் வரவில்லை, இறங்கிவிட்டேன்.
படியில் இடமில்லை.
ரெசலம் குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு
ஓர் ஆள் அகலத்துக்கு நகர்ந்தார்.
"இன்னைக்கும் எண்ணுகியா மக்கா?"
இல்லை என்று தலையாட்டினேன்.
"பின்னே?"

பழம்பொரி சூடாக இருந்தது.
மேலே ஏதோ லாரி போனதில் பாலம் லேசாக அதிர்ந்தது.
கையில் கருவி இல்லாமலேயே
என் கட்டைவிரல்
ஒரு தடவை அழுந்தியது.