வலது, ஆவணியிலிருந்து

எண்ணெய் விடாதே என்றாள் மெடிக்கல் ஷாப் நாகவேணி.
பஞ்சு வைக்காதே, ஊக்கு போடாதே,
போய்ச் சேரும்வரை எதுவும் செய்யாதே.
நாளைக் காலை கிருஷ்ணகிரி, எட்டு மணி பஸ்.
அதுவரை இந்தக் காதை
அடகுக்கு வந்த நகைபோல்
தொடாமல் வைத்திருக்க வேண்டும்.

டாக்டர் என்னென்ன கேட்பார் என்றும் சொன்னாள்.
எந்தப் பக்கம். எத்தனை நாளாக.
சீழா, தண்ணியா. வாடை உண்டா.
என்ன போட்டுக் குடைந்தாய்.
மண்டிச் சீட்டின் பின்பக்கம் எழுத உட்கார்ந்தேன்.

வலது.
அரிப்பு, கொய்யாவுக்குள் புழு நெளிவதுபோல்.
இதை அடித்துவிட்டேன். டாக்டருக்கு எதற்குக் கொய்யா.
தண்ணி, சில நாள் மஞ்சள்.
தலையணை உறையில் காசளவு கறை.
குடைந்தது ஊக்கு, வண்டிச் சாவி,
பில்களைக் குத்தி வைக்கும் கம்பி ஒரே ஒரு தடவை.
ஒரே ஒரு தடவை என்பது பொய்.

எத்தனை நாளாக என்பதில் பேனா நின்றுவிட்டது.
எனக்குத் தெரிந்த கணக்கு
பெட்டி எழுபதுக்கு விழுந்து
ராயக்கோட்டை ரோட்டோரம் தக்காளியைக் கொட்டிப்போன வாரம்.
அதை மாதமாக மாற்றப்
பழைய ஏலப் புத்தகங்களை இறக்கினேன்.

ஆடி முழுக்க என் எழுத்து சுத்தம்.
ஆவணி ஒன்பதில் முதல் அடித்தல்.
பதினொன்றில் இரண்டு.
அப்புறம் பக்கத்துக்கு ஐந்து, ஆறு,
அறுபதின் மேல் எழுபது,
எழுபதின் மேல் அறுபது.
ஏலக்காரர் கத்துவது பஸ் ஸ்டாண்டுவரை கேட்கும்.
எனக்குப் ‘பது’ மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது,
முன்னால் இருந்ததை நானே போட்டு நிரப்பியிருக்கிறேன்.

திம்மராயனின் நாற்பத்திரண்டு பெட்டியும்
அங்கேதான் இருக்கிறது.
பெட்டிக்குப் பத்து குறைத்து எழுதிவிட்டு
நானூற்று இருபதைக் கையிலிருந்து கொடுத்தேன்.
கண்ணு சரியில்லையாம்மா என்றார்.
ஆமாம் என்றேன்.
கண் என்றால் கண்ணாடி போடலாம்.
காது என்றால் மண்டிக்கு வேறு ஆள்.

எனக்கு முன்பே புத்தகத்துக்குத் தெரிந்திருக்கிறது.
அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்தேன்,
டாக்டர் கேட்டால் காட்ட.
கேட்க மாட்டார்.

பையில் ஆதார்,
முன்பு வாங்கிய சொட்டு மருந்தின் மூடியில்லாத குப்பி,
ஐநூறு ரூபாய், சீட்டு.
சீட்டைத் திருப்பினால் பதினேழு பெட்டி, கமிஷன், இறக்குகூலி.

இன்னும் ஒன்று பாக்கி.
என் இடதுபக்கமா உட்கார்ந்து பேசுங்க சார்
என்பதை எந்த முகத்தோடு சொல்வது.
கண்ணாடி முன் மூன்று முறை சொல்லிப் பார்த்தேன்.
மூன்றாவதில் சத்தம் கூடிவிட்டது போல.
உள்ளேயிருந்து மாதேஷ்
யார்கூட சண்டை என்றான்.
சண்டை என்றுதான் கேட்டது.